வந்த இடத்துச் சீவியம்: 'தீபன்' திரைப்படமும் நாமும்

'தீபன்' என்னும் திரைப்படத்தின் பெயரை எமது வாசகர்களிற் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். பார்த்தவர்கள் குறைவு. பிரெஞ்சுக்காரரான ஜாக் ஓடியார் இயக்கிய இப்படம் 2015 வைகாசியில் கான் திரைப்பட விழாவின் முதற் பரிசாகிய தங்கப்பனை விருதைப் பெற்றது. பிரெஞ்சுப் படம் என்றாலும் அதிற் பெரும்பகுதி பேசப்படுவது எமது தமிழ். போர் முடியும் தறுவாயில் இலங்கையிலிருந்து தப்பிச் சென்று, பாரிஸ் புறநகர் ஒன்றிற் குடியேறும் மூவரின் கதை அது.

அகதிகளைப் பற்றிய படங்கள் அநேகமாகக் கடலைக் கடப்பதையும் எல்லையைத் தாண்டுவதையுமே விரித்துக் காட்டுகின்றன. இப்படம் அந்தப் பயணத்தைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. வந்து சேர்ந்தாயிற்று, இனி நாளை காலையில் என்ன செய்வது என்பதே அதன் கேள்வி. முகாம்களிலும் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் வருடக் கணக்காக இருந்த எமது வாசகர்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. ஆகவேதான் கமம், காணி, கடன் என்று எழுதிவரும் இப்பக்கங்களில் ஒரு படத்தைப் பற்றியும் எழுத முன்வந்தோம்.

மத்தேயு நற்செய்தியில் திருக்குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியது எழுதப்பட்டிருக்கிறது. ஏரோது இறந்தபின் திரும்பி வந்ததும் எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? சூசையப்பர் எங்கே வேலை கேட்டார், எந்த மொழியிற் கூலி பேசினார், அன்னை மரியாள் யாருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளினார் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எமது கதைகளும் அப்படித்தான். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டதைச் சொல்வோம். அதே ஆண்டு ஐப்பசியில் வடமாகாண முஸ்லிம் மக்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டதைப் புத்தளத்தில் உள்ளவர்கள் சொல்வார்கள். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு மழையில் நடந்ததையும், 2009இல் வன்னியில் பங்கருக்குப் பங்கர் மாறியதையும் சொல்லாத வீடில்லை. திரும்பியவர்கள் திரும்பிய நாளையும் சொல்வார்கள். நடுவிற் கழிந்த ஐந்து, பத்து, இருபது வருடங்கள் பேச்சில் வருவதில்லை. பிள்ளை வளர்ந்ததும், தகப்பன் பேச்சுக் குறைந்ததும், தாய் படிவம் நிரப்பப் பழகியதும் அந்த வருடங்களில்தான்.

கதை இது. போராளியாயிருந்த சிவதாசன் இறந்த தோழர்களின் உடல்களை எரித்து, தன் சீருடையையும் அந்தத் தீயிலிட்டுவிட்டு முகாமுக்கு வருகிறான். தன் குடும்பத்தைப் போரில் இழந்தவன். வெளிநாடு போவதற்கு அவனுக்குக் கிடைப்பது இறந்துபோன ஒருவரின் கடவுச்சீட்டு. அதிலுள்ள பெயர் தீபன். அந்தத் தீபனுக்கு மனைவியும் ஒன்பது வயது மகளும் உண்டு. ஆகையால் ஒரு மனைவி தேவை, ஒரு மகள் தேவை. மனைவியாக நடிக்க முன்வரும் யாழினி என்ற இளம்பெண், தாயில்லாத பிள்ளை ஒன்றைத் தேடி முகாமுக்குள் அலைகிறாள். அப்படிக் கிடைத்தவள் இளையாள். ஒருவரையொருவர் அறியாத இம்மூவரும் தாள்களின்படி ஒரு குடும்பமாகிக் கப்பலேறுகிறார்கள்.

தீபனாக நடித்திருப்பவர் எம்மவர். அந்தோனிதாசன் யேசுதாசன் என்ற இயற்பெயருடைய எழுத்தாளர் ஷோபாசக்தி. தீவகத்தின் அல்லைப்பிட்டியிற் பிறந்து, சிறுவயதில் இயக்கத்திற் சேர்ந்து, பின்னர் விலகி, 1993இல் பிரான்ஸ் சென்று, அங்கே பல கூலி வேலைகள் செய்தவர். இப்படத்தில் ஏறத்தாழப் பாதி தனது சொந்த வாழ்க்கை என்று அவர் கூறியிருக்கிறார். அல்லைப்பிட்டி என்றதும் எமக்கு நினைவு வருவது 2006 ஆவணி. அடைக்கலம் தேடி ஆலயத்துக்குள் இருந்த மக்கள்மீது எறிகணை விழுந்ததும், சில நாட்களில் அப்பங்கின் குரு அருட்தந்தை ஜிம் பிறவுண் காணாமற் போனதும் அந்த மாதத்தில்தான். அவ்வூர் மனிதர் ஒருவரின் முகம் படம் முழுவதும் வருவதனால், நடிப்பு என்ற எண்ணம் பார்ப்பவருக்குப் பல இடங்களில் ஏற்படுவதில்லை. யாழினியாக வரும் காளீஸ்வரி சீனிவாசன் தமிழ்நாட்டு நாடகக் கலைஞர். இளையாளாக வரும் சிறுமி குளோடின் விநாசித்தம்பி.

பிரான்சில் தஞ்சம் கேட்கும் விசாரணைக் காட்சியை நாம் மறக்க முடியவில்லை. அதிகாரி பிரெஞ்சில் கேட்கிறார். இடையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தமிழர். முகவர் சொல்லிக் கொடுத்த கதையைச் சிவதாசன் ஒப்புவிக்கத் தொடங்க, இதையே எல்லோரும் சொல்கிறார்கள், இது எடுபடாது என்று மொழிபெயர்ப்பாளர் தமிழிலேயே அவனை மறித்துவிடுகிறார். அதிகாரிக்கு ஒன்றும் விளங்குவதில்லை. சிரிப்பும் வரும், நெஞ்சும் அடைக்கும். உண்மையிலேயே எல்லாவற்றையும் இழந்த மனிதன், கேட்பவருக்கு ஏற்ற இழப்பைச் சொல்லவேண்டியிருக்கிறது. கிராம அலுவலருக்கு ஒரு விதமாகவும், பிரதேச செயலகத்துக்கு ஒரு விதமாகவும், வீட்டுத்திட்டப் படிவத்துக்கு வேறு விதமாகவும் தம் கதையைச் சொல்லப் பழகிய குடும்பங்கள் எம்மிடையே எத்தனை! அது பொய் சொல்லும் குணமல்ல. படிவத்தில் இருக்கும் கட்டங்கள் சிறியவை, வாழ்க்கை அவற்றுக்குள் அடங்குவதில்லை.

ஆரம்பத்தில் பாரிஸ் தெருக்களில் மின்னும் விளையாட்டுச் சாமான் விற்கும் தீபனுக்கு, பின்பு தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றின் பராமரிப்பாளர் வேலை கிடைக்கிறது. படிக்கட்டுகளைக் கூட்டுவது, கடிதங்களைப் பிரித்து வைப்பது, பழுதானவற்றைத் திருத்துவது. அந்தக் கட்டடங்கள் போதைப்பொருள் விற்கும் கும்பலின் கையில் இருக்கின்றன. சில நேரங்களில் அவர்களின் அனுமதியோடுதான் உள்ளே நுழையவேண்டும். ஆனாலும் விளக்குமாறு கையில் வந்தபின் அவன் நிமிர்கிறான். கருவியைப் பிடித்த கைக்கு மொழி தேவையில்லை. எமது கமக்காரர் இதை விளங்கிக்கொள்வார்கள். நிவாரணத்துக்கு வரிசையில் நிற்கும்போது தலையைக் குனிந்து நிற்பவர், மண்வெட்டியோடு நிற்கும்போது வேறு மனிதர்.

அதேவேளை, தீபனின் வேலையில் மண் இல்லை. படம் முழுவதிலும் அவன் மண்ணைத் தொடுவதாக ஒரு காட்சியும் எமக்கு நினைவில்லை. போராளியாயிருந்தவனுக்கு அது பெரிதில்லாமல் இருக்கலாம். பிரான்சிலும் கனடாவிலும் சமையற்கூடங்களிற் பாத்திரம் கழுவும் எமது கமக்காரரின் பிள்ளைகள் இதைப் பற்றி எழுதினால் வேறொரு படம் வரும்.

மூவரிலும் பிரெஞ்சு விரைவாகப் பிடிபடுவது இளையாளுக்கு. முதல் நாள் பாடசாலையில் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தவள், புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்பில் அமர்ந்து கொஞ்சக் காலத்தில் பெரியவர்களுக்கு வழிகாட்டுகிறாள். தீபனோ தடுமாறுகிறான். கூட இருப்பவர்கள் பேசும்போது சொற்கள் ஓரளவு விளங்குகின்றன, ஏன் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை என்று ஓரிடத்தில் யாழினியிடம் சொல்கிறான். உனக்குத் தமிழிலும் பகிடி விளங்காது என்ற கருத்தில் அவள் பதில் சொல்ல, இருவருக்கும் இடையில் முதல் முறையாக ஏதோ இளகுகிறது. அந்நிய மொழியின் கடைசிக் கதவு சிரிப்புத்தான் என்பது மொழி படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிள்ளை மொழியைப் பிடித்துக்கொள்வது நல்லதே. ஆனால் வீட்டின் ஒழுங்கு அங்கே தலைகீழாகிறது. தாய் தகப்பன் வாய் திறக்க முடியாத இடத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை பேசுகிறது. கடிதத்தை வாசிப்பது பிள்ளை, அலுவலரின் கோபத்தை முதலில் வாங்குவதும் பிள்ளை. இது பாரிசுக்கு மட்டும் உரியதல்ல. சிங்களம் தெரியாத தாய் அநுராதபுரத்திலோ கொழும்பிலோ வைத்தியசாலைக்குப் போகும்போது, புத்தளத்திலோ வேறெங்கோ கொஞ்சம் சிங்களம் பழகிய மகளைக் கூட்டிச் செல்கிறாள். தன் உடம்பின் அந்தரங்கமான வருத்தத்தைப் பிள்ளையின் வாயினாற் சொல்விக்கிறாள். பிள்ளைக்குத் தெரியக்கூடாதவை தெரியவருகின்றன. தாய்க்குச் சொல்லவேண்டியவை தொண்டைக்குள் நின்றுவிடுகின்றன. இயன்றவரை வயதுவந்த ஒருவரைக் கூட்டிச் செல்லும்படி மாதர் சங்கங்களை நாம் கேட்டுக்கொள்வதற்குக் காரணம் இதுதான். சங்கத்தில் இரண்டு பேர் சிங்களம் பேசப் பழகினால், இருபது பிள்ளைகள் அந்தச் சுமையிலிருந்து தப்புவார்கள்.

யாழினியின் கதை வேறு. அவளுக்கு பிரான்சே வேண்டாம். இங்கிலாந்தில் இருக்கும் உறவினரிடம் போகவேண்டும் என்பது அவள் எண்ணம். ஒருமுறை புறப்பட்டும் விடுகிறாள், தீபன் மறிக்கிறான். பெற்றெடுக்காத பிள்ளையை வளர்க்க அவள் ஒப்புக்கொண்டு வரவில்லை. அந்தக் கோபத்தை அவள் மறைப்பதும் இல்லை. இளையாளோ பாடசாலை வாசலில் மற்றத் தாய்மார் செய்வதைப் பார்க்கிறாள். அவர்கள் தங்கள் பிள்ளைகளை முத்தமிட்டு அனுப்புகிறார்கள். தன்னையும் அப்படி அனுப்பும்படி யாழினியிடம் கேட்கிறாள். பாசத்தினாற் கேட்கிறாளா, மற்றப் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்று கேட்கிறாளா என்று சொல்ல முடியாது. இரண்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். யாழினி குனிந்து முத்தமிடும்போது அது நடிப்பு. நாளைக்கும் அதையே செய்யவேண்டும். மறுநாளும் செய்யவேண்டும். எந்த நாளில் அது நடிப்பு அல்லாமற் போனது என்று படம் காட்டுவதில்லை, காட்டவும் முடியாது.

குடும்ப அட்டையிற் பெயர் எழுதுவதால் வீட்டிற் சேர்ந்தவர்கள் எம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். 2009க்குப் பின் செட்டிகுளம் மெனிக் பாமில் அப்படிச் சேர்ந்த பிள்ளைகளுண்டு. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பெறாமகன், அயல்வீட்டுக் குழந்தை, வழியில் தனியே நின்ற கிழவி. மெனிக் பாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டது. அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். சிலரிடம் பெற்ற பிள்ளைக்கும் வளர்த்த பிள்ளைக்கும் வேற்றுமை காட்டினோமோ என்ற உறுத்தல் இருக்கிறது. சிலரிடம், காணி எழுதும்போது யாருக்கு எழுதுவது என்ற மிகவும் நடைமுறையான பிரச்சினை இருக்கிறது. சட்டப்படி மகவேற்பு செய்யாமல் வளர்த்த பிள்ளைக்கு உரிமைச் சொத்து தானாகப் போய்ச் சேராது. உயிரோடு இருக்கும்போதே நொத்தாரிசிடம் சென்று மரண சாசனமோ நன்கொடை உறுதியோ எழுதிவைப்பது நல்லது. அனுமதிப்பத்திரக் காணியாயின் பின்னுரித்தாளர் யார் என்பதைப் பிரதேச செயலகத்திற் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். படத்தைப் பற்றிப் பேசும்போது உறுதி, நொத்தாரிசு என்று போவது பொருத்தமில்லைப் போல் தோன்றலாம். இளையாள் கேட்ட முத்தத்தின் மறுபக்கம் இதுதான்.

யாழினி அதே குடியிருப்பில் நோயாளியான ஒரு முதியவருக்குச் சமைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போகிறாள். சம்பளத்தைக் கேட்டுத் திகைக்கிறாள். அவள் சமைத்த எங்கள் கறியை அந்த வீட்டார் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அவளுக்கு முதல் முறையாக அந்நாட்டில் ஒரு மதிப்பு வருவது அடுப்படியில். முதியவரின் அறையில் அவள் தமிழிலும் மற்றவர் பிரெஞ்சிலும் தத்தம் பாட்டிற் பேசிக்கொள்ளும் இடங்கள் படத்தின் மிக நல்ல பகுதிகள்.

கும்பல்களுக்கிடையில் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியதும் தீபன் என்ன செய்கிறான்? நிலத்தில் ஒரு வெள்ளைக் கோடு கீறி, இது சூடு நடத்தக்கூடாத பகுதி என்று அறிவிக்கிறான். அந்த நாட்டவருக்கு அது விசித்திரம். 2009இல் புதுக்குடியிருப்பிலும் முள்ளிவாய்க்காலிலும் 'பாதுகாப்பு வலயம்' என்று சொல்லப்பட்ட இடங்களில் இருந்து வந்தவர்களுக்கு அந்தக் கோடு எதை நினைவூட்டும் என்று எழுதத் தேவையில்லை. தன் பழைய தளபதி ஒருவரை அவன் பாரிசிற் சந்திக்கும் காட்சியும் உண்டு. ஆயுதத்துக்குக் காசு சேர்க்கச் சொல்கிறார் அவர். தனக்குப் போர் முடிந்துவிட்டது என்பது தீபனின் நிலை. அதற்காக அடி வாங்குகிறான்.

இவ்வளவும் சொன்ன நாம் படத்தின் கடைசிப் பகுதியை ஏற்றுக்கொள்ளவில்லை. அத்தனை நாள் விளக்குமாறு பிடித்த மனிதன் மீண்டும் ஆயுதம் எடுத்து, புகைக்குள் படியேறிப் பலரைக் கொன்று மனைவியை மீட்கிறான். அதன்பின் இங்கிலாந்தில் வெயிலும் புல்வெளியும் கைக்குழந்தையுமாக ஓர் இன்பக் காட்சி. அது கனவா நனவா என்று தெரியாதபடி விட்டிருக்கிறார்கள். கொலைக்குப் பரிசு கொடுப்பதுபோல் அது அமைந்துவிட்டது என்பது எமது எண்ணம். போராளியாயிருந்தவன் என்றைக்கும் போராளிதான் என்ற எண்ணத்தையும் அது அந்நியர் மனதில் ஊட்டும். புனர்வாழ்வு முடித்து வந்து, கோழி வளர்த்தும் மேசன் வேலை செய்தும் பிள்ளைகளைப் படிப்பிக்கிற எத்தனையோ பேரை நாம் அறிவோம். அவர்கள் யாரும் புகைக்குள் படியேறவில்லை. அப்படியான வாழ்க்கையைப் படமாக்கினால் விருது கிடைக்குமோ தெரியாது.

இன்னொரு விடயம். பிரான்சிலிருந்து மாதம் மாதம் காசு வரும் வீடுகள் எமது கிராமங்களில் உண்டு. கோவில் திருவிழாவுக்கு, சகோதரியின் கலியாணத்துக்கு, கிணறு கட்ட என்று கேட்பதும் வழக்கம். அனுப்புபவர் தொலைபேசியில் வேலையைப் பற்றிச் சொல்வதில்லை. நல்ல சட்டை போட்டு எடுத்த படம் மட்டும் வரும். இப்படத்தைப் பார்த்தால் அந்தச் சட்டைக்குப் பின்னால் உள்ள அறையும் குளிரும் படிக்கட்டும் கொஞ்சம் தெரியும். அடுத்த முறை அழைப்பு வரும்போது காசைப் பற்றிப் பேசுவதற்கு முன், இரவுச் சாப்பாடு என்ன, அறையில் யார் யார், வேலைக்குப் போக எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையை அனுப்ப முகவருக்குக் கொடுப்பதற்காகக் காணியை ஈடுவைக்க யோசிப்பவர்களும், ஒப்பமிடுவதற்கு முன் பார்க்கவேண்டிய படம் இது.

எரேமியா இறைவாக்கினர் எருசலேமிலிருந்து பாபிலோனிய நாடுகடத்தலில் இருந்த மக்களுக்கு ஒரு மடல் எழுதினார். அந்நாட்களில் அனனியா என்பவன் இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்க இனிமையான செய்தி. எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்றார். ஆகவே அங்கேயே வீடு கட்டவும், தோட்டம் போடவும், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வைக்கவும், இருக்கும் ஊரின் நலனைத் தேடவும் சொன்னார். இடைத்தங்கல் காணியில் தென்னம்பிள்ளை வைக்க மறுக்கும் பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். தென்னை காய்க்க ஐந்தாறு வருடம் செல்லும், அதை நட்டால் திரும்பிப் போகமாட்டோம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது அவர்களின் பயம். முருங்கைத் தடியும் பப்பாசியும் மட்டும் நடுவார்கள். அந்தப் பயத்தை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் அதே எரேமியா, எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில், தன் ஊரான அனத்தோத்தில் பதினேழு செக்கேல் வெள்ளி கொடுத்து ஒரு வயலை வாங்கி, அதன் உறுதியை நெடுங்காலம் பழுதாகாதபடி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார் என்பதையும் வாசிக்கவேண்டும். இங்கே தென்னை நடுவதும் அங்கே உள்ள காணியின் உறுதியைப் பத்திரப்படுத்துவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி பெற்றுக்கொள்ளலாம். காணியின் பெயரும் உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது இலகு.

படத்தைக் காட்ட விரும்பும் சங்கங்களுக்குச் சில வார்த்தைகள். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலப் படம். பிரெஞ்சில் வரும் இடங்களை ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லவேண்டும். தொடக்கத்தில் பிணங்கள் எரியும் காட்சியும் கடைசியில் சூட்டுக் காட்சியும் உள்ளபடியால் சிறுவர்களை வைத்துக்கொண்டு காட்ட வேண்டாம். போரில் நேரடியாக அடிபட்டவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி, எழும்பிப் போகும் வசதியோடு வாசலுக்குக் கிட்ட இருத்துங்கள். கும்பற் சண்டை முற்றும் கட்டத்தோடு நிறுத்திவிட்டு, மீதியை விருப்பமானவர்கள் பின்னர் பார்க்கலாம். பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கினால் பேசுவதற்கும் நேரம் இருக்கும், தாய்மார் இருட்டுவதற்குமுன் வீடு சேரலாம்.